கவசம் இல்லாத கலம்

புறப்பொருள் வெண்பாமாலையிலே தும்பைப் படலத்தைக் கற்பிக்கும்போது, யானைமறம், குதிரைமறம், தேர்மறம் என்னுந் துறைகளில் நான் அதிக நேரம் நிற்பதில்லை. யானையைத் திருவிழா வீதியில் மாத்திரம் கண்டவர்களுக்குப் போர்க்களிற்றின் சினத்தை உணர்த்துவது எளிதன்று. துறையின் பொருளைச் சொல்லி, வெண்பாவைப் படித்து, அப்பாற் போய்விடுவதே என் வழக்கம். சென்ற தவணையில் அப்படிப் போக முடியவில்லை.

பின்வாங்கில் இருந்த மாணாக்கர் ஒருவர் கொப்பியின் ஓரத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். நடுவே ஓர் உருண்டை. அதன் இருமருங்கிலும் அறுகோண வடிவான இரண்டு தட்டிகள். யானைமறம் என்று நான் சொல்லி எழுதுவித்த வரிக்கு நேரே அது இருந்தது. கீழே, "இதுவும் யானையே" என்று ஒரு குறிப்பு.

"தம்பி, இது என்ன?" என்றேன்.

"ஐயா, ஸ்ரார் வோர்ஸ் படத்தில் வரும் போர்க்கலம். ரை என்பது பெயர்."

"யானை என்று எழுதியிருக்கிறீரே?"

"அதன் சத்தம் யானையின் பிளிறல்தான், ஐயா."

பரிகாசம் என்றே எண்ணினேன். கொப்பியை மேசையில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன். பின்னர் விசாரித்தபோது அவர் சொன்னது மெய்யென்று தெரியவந்தது. 1977 இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு ஒலியமைத்த பென் பேட் என்பவர், யானை பிளிறும் ஓசையையும், ஈரமான வீதியில் மோட்டார் வண்டி ஓடும் இரைச்சலையும் கலந்தே அக்கலத்தின் குரலை ஆக்கினார். யானைமறத்துக்கு உதாரணம் காட்டிய மாணாக்கரிடமிருந்து கொப்பியைப் பறித்த ஆசிரியன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்து, கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். படத்தையும் பார்க்க வேண்டும் என்றேன்.

அவர் ஒரு விடுமுறை நாளிலே தமது மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தார். 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்த முதல் மூன்று படங்களையும் மூன்று மாலைகளிற் பார்த்து முடித்தோம். என் மனைவி முதல் மாலையிலேயே எழுந்து போய்விட்டாள். அந்தக் கலங்கள் பிளிறிக்கொண்டு திரையைக் கடந்தபோது, என் கையும் கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டது. அதற்கான காரணத்தைப் பின்னே சொல்கிறேன்.

இவ்வகைக் கதைகளை ஆங்கிலத்தார் 'ஸ்பேஸ் ஒப்பரா' என்பர். இதை விண்வெளி இசைநாடகம் என்று மொழிபெயர்த்தால் பிழைபடும். பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்க வானொலியில் சவர்க்கார வியாபாரிகளின் செலவில் நடந்த தொடர்நாடகங்களை 'சோப் ஒப்பரா' என்றும், குதிரைவீரர் படங்களை 'ஹோர்ஸ் ஒப்பரா' என்றும் ஏளனமாகச் சொல்லும் வழக்கு இருந்தது. அதனைப் பின்பற்றி, 1941 இல் வில்சன் ரக்கர் என்னும் எழுத்தாளர், அரைத்த மாவையே அரைக்கும் விண்கப்பற் கதைகளை இகழ்வதற்கு இப்பெயரைச் சூட்டினார். வசையாகப் பிறந்தது பின்னர் வகையின் பெயராயிற்று.

ஸ்ரார் வோர்ஸின் வான்போர் உருவான விதம் சுவையானது. இயக்குநர் ஜோர்ஜ் லூக்காஸ், விண்கலங்களைப் படம்பிடிக்குமுன்னரே, பழைய போர்ப் படங்களிலிருந்து விமானச் சண்டைகளை வெட்டி ஒட்டி ஒரு மாதிரிச் சுருளை அமைத்துக்கொண்டார். இந்த இடத்தில் இந்த விமானம் இப்படித் திரும்புகிறது; நமது கலமும் அப்படியே திரும்பவேண்டும் என்பது அவர் கலைஞர்களுக்கு இட்ட கட்டளை. ஆகவே அக்கலங்கள் எதிர்காலத்துக்கு உரியவைபோலத் தோன்றினும், அவற்றின் நடை இரண்டாம் உலகப் போரின் நடை.

1943 மே 16 ஆம் நாள் இரவு, பிரித்தானியரின் 19 லங்காஸ்ரர் விமானங்கள் ஜேர்மனியின் அணைக்கட்டுகளை உடைக்கப் புறப்பட்டன. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. அவற்றிற் சென்றவர்களுள் 53 பேர் மாண்டனர். அந்நிகழ்ச்சியைக் கூறும் 'தி டாம் பஸ்ரேர்ஸ்' என்னும் படம் 1955 இல் வந்தது. எதிரியின் பீரங்கிகளுக்கு எதிரே தாழப் பறந்து, குறித்த ஓரிடத்தில் குறித்த கணத்திற் குண்டை விடுவதே அப்படத்தின் உயிர்நிலை. ஸ்ரார் வோர்ஸின் இறுதிப் போரும் அதுவே. பழைய படத்தின் தந்திரக் காட்சிகளைப் பிடித்த கில்பேட் ரெய்லர் என்பவரே பிந்திய படத்தின் ஒளிப்பதிவாளர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

கலங்களின் வடிவங்களை முதலில் வகுத்தவர் கொலின் கன்ற்வெல். அவற்றைத் திருத்திப் படத்துக்கு ஏற்றவையாக்கியவர் ஜோ ஜோன்ஸ்ரன். நாயகர்களின் கலமாகிய எக்ஸ்-விங்கின் உருவம், ஆங்கிலேயரின் மதுச்சாலையில் இலக்கை நோக்கி எறியும் சிற்றம்பிலிருந்து தமக்குத் தோன்றியதாகக் கன்ற்வெல் கூறியிருக்கிறார். பகைவரின் கோட்டையாகிய மரணத் தாரகை பற்றி அவர் சொன்ன செய்தி இன்னும் நயமானது. சந்திரனையொத்த அந்த உருண்டையின் மாதிரியை இரண்டு அரைக்கோளங்களாக வார்த்தபோது, இரண்டும் பொருந்தும் இடம் சுருங்கிப் பள்ளம் விழுந்துவிட்டதாம். அதை நிரப்பி ஒப்பமிடப் பல நாட் செல்லும் என்று கண்டு, அங்கே ஓர் அகழி இருக்கட்டுமே என்று அவர் லூக்காசுக்குச் சொன்னார். செய்யுளில் ஓசை குறைந்த இடத்தை நிரப்ப வந்த அளபெடை, அச்செய்யுளுக்கே அழகாய் அமைந்துவிடுவதுண்டு. படத்தின் உச்சப் போர் அந்த அகழிக்குள்ளேதான் நடக்கிறது.

இனிக் கலங்களின் தொழிலைப் பார்ப்போம். நாற்படைக்கு நான்கு கலம் என்று பொருத்திப் பார்க்கும் ஆசை எனக்கு எழுந்தது. கிளர்ச்சிக்காரரிடத்தில் நான்கு வகைக் கலங்களே சிறப்பாகக் காணப்படுகின்றன. நான்கு என்ற எண்ணைக் கண்டால் பண்டிதனுக்கு வேறென்ன தோன்றும்? எனினும் முழுவதும் பொருந்தவில்லை. ஏ-விங் குதிரை, இதில் ஐயமில்லை. மிகச் சிறிது, மிக விரைவானது, எதிரியின் கலங்களைத் துரத்திப் பிடிப்பது. பி-விங் களிறு, பெருங்கப்பல்களை உடைப்பதற்கென்றே ஆயுதம் நிரப்பப்பட்டது. நீண்ட அதன் உடல் எப்படிச் சுழன்றாலும் ஓட்டி இருக்கும் அறை நிமிர்ந்தே நிற்கும். இவை இரண்டும் 1983 ஆம் ஆண்டுப் படத்தில் முதன்முதலாக வருகின்றன. பி-விங்கை அங்கே கண் இமைக்காமற் பார்த்தாற்றான் காணலாம்.

வை-விங் தேருமன்று, காலாளுமன்று, பொதிமாடு. குண்டு சுமந்து செல்லும் பழைய கலம். அடிக்கடி பழுதுபார்க்க வேண்டியிருப்பதால், மேற்றகடுகளை மாட்டிக் கழற்றி அலுத்துப்போய், தொழிலாளர் அவற்றை ஒரேயடியாகக் கழற்றி விட்டனர் என்று கதை. ஆதலால் குழாய்களும் கம்பிகளும் வெளியே தெரிய அது பறக்கிறது. உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் வண்டி ஓட்டிய நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு எல்லாக் கலங்களிலும் பிடித்தது அதுவே.

எக்ஸ்-விங் நான்கு தொழிலையும் செய்வது. சாதாரணமாகச் செல்லும்போது ஒட்டியிருக்கும் சிறகுகள் போர் தொடங்கியதும் விரிந்து நான்காகும். நான்கு நுனியிலும் லேசர்ப் பீரங்கி, வயிற்றில் ரோப்பிடோ. ஓட்டியின் முதுகுக்குப் பின்னே ஒரு சிறு யந்திரத் துணைவன் அமர்ந்து, பறக்கும்போதே பழுதுபார்ப்பான். கலத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சக்திக் கவசம் ஒன்று உண்டு. ஒளியின் வேகத்தையும் விஞ்சிப் பாயும் பொறியும் உண்டு. இதனால் ஓட்டி தனியே நெடுந்தூரம் போகலாம். 1980 ஆம் ஆண்டுப் படத்தில், லூக் ஸ்கைவோக்கர் என்னும் இளைஞன் படையை விட்டு விலகித் தன் குருவைத் தேடி வேறொரு கிரகத்துக்குப் போகிறான். யாரிடமும் கலம் கேட்கவில்லை. தன்னுடைய எக்ஸ்-விங்கிலேயே போகிறான்.

ரை கலத்தில் இவை ஒன்றும் இல்லை. இரட்டை அயன் எந்திரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அப்பெயர். உருண்டைக்குள் ஓர் ஆள். முன்னே இரண்டு பீரங்கி. பக்கங்களில் சூரிய ஒளியை வாங்கும் தட்டிகள். கவசம் இல்லை. பாய்ச்சற்பொறி இல்லை. ஓட்டியின் அறையிலே உயிர்மூச்சுக்கான ஏற்பாடுகூட இல்லை என்று துணைநூல்கள் கூறுகின்றன. அதனாலேயே அவன் தலைமுதற் கால்வரை மூடிய கரிய உடையோடு ஏறுகிறான். சாம்ராச்சியத்தின் குண்டுவீச்சுக் கலமும், வேகக் கலமும் இதே உருண்டையிலிருந்து கிளைத்தவையே.

ஏன் இப்படி? கவசத்தின் பாரம் இல்லாதபடியால் அது சடுதியில் திரும்பும். மலிவாக ஆயிரக்கணக்கிற் செய்யலாம். நூறு போனால் நூறு வரும். இவ்வளவும் படைத்தலைவன் சொல்லும் நியாயம். சொல்லாத நியாயம் ஒன்றும் இருப்பதாக நான் கருதுகிறேன். தாய்க்கப்பலை விட்டுத் தூரம் போகமுடியாத கலத்தில் ஏறியவன் தப்பியோடவும் முடியாது. 2015 இல் வந்த படத்திலே, மனம் மாறிய ஒரு போர்வீரன், சிறைப்பட்ட ஓர் ஓட்டியோடு இத்தகைய கலம் ஒன்றிலே தப்ப முயல்கிறான். கலம் கிளம்புகிறது, உடனே வெட்டியிழுக்கிறது. கப்பலோடு அது வடத்தாற் பிணைக்கப்பட்டிருக்கிறது! கண்டவுடன் நான் கட்டுத்தறி என்றேன், மாணாக்கர் சிரித்தார்.

இந்தக் குறைபாட்டை முதற்படம் ஒரு துப்பாகவே கையாள்கிறது. நாயகர்கள் வெட்டவெளியில் ஒரு ரை கலத்தைக் காண்கின்றனர். இது குறுந்தூரம் செல்வது; அருகிலே தளம் எதுவும் இல்லை; அப்படியானால் எங்கிருந்து வந்தது? அது ஒரு சிறு சந்திரனை நோக்கிப் போகிறது. அந்தச் சந்திரன் சந்திரனன்று, மரணத் தாரகை என்று அப்பொழுது தெரியவருகிறது. கதையின் முடிச்சு ஒரு கலத்தின் இலக்கணத்திலிருந்து பிறக்கிறது.

சாம்ராச்சியத்திற் கவசமுள்ள போர்க்கலமே இல்லையா என்றால், உண்டு. தலைவனாகிய டாத் வேடர் ஏறும் கலத்துக்குக் கவசமும் உண்டு, பாய்ச்சற்பொறியும் உண்டு. இறுதிப் போரில் அவன் அகழிக்குள்ளே எக்ஸ்-விங்கைத் துரத்தும்போது இருபுறமும் இரண்டு ரை கலங்கள் துணைவருகின்றன. எதிர்பாராமல் மில்லேனியம் பல்கன் என்னும் கப்பல் மேலிருந்து சுட, ஒரு துணைவன் எரிந்து போகிறான். மற்றவன் திகைத்துத் தலைவனின் கலத்தில் மோதி, அகழிச் சுவரில் அடிபட்டு அழிகிறான். வேடரின் கலம் சுழன்று வெளியே வீசப்பட்டுத் தப்பிவிடுகிறது. அந்த இருவருக்கும் படத்திற் பெயர் இல்லை, முகமும் இல்லை.

கிளர்ச்சிக்காரரும் இழப்பில்லாமல் வெல்லவில்லை. முப்பது கலங்கள் புறப்படுகின்றன. பெருங்கப்பல்களைத் தடுப்பதற்கென்று அமைக்கப்பட்ட பீரங்கிகளால் இந்தச் சிறு கலங்களைக் குறிவைக்க முடியவில்லை. அதுதான் அவர்களது நம்பிக்கை. இலக்கு இரண்டு மீற்றர் அகலமான ஒரு துவாரம். வை-விங்குகள் முதலில் அகழிக்குள் இறங்கி விழுகின்றன. பின்பு எக்ஸ்-விங்குகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. முடிவிற் பல்கனோடு திரும்புவன இரண்டு எக்ஸ்-விங்கும் ஒரு வை-விங்கும். ஆனால் இங்கே வீழ்கின்றவனை மற்றவன் பெயர் சொல்லி அழைக்கிறான். விலகிப் போ, காப்பாற்றிக்கொள் என்கிறான். அடிபட்ட கலத்தோடு தன் தோழன் இனி உதவமுடியாதென்று கண்டு, லூக்கே அவனைத் திரும்பிப் போகச் சொல்கிறான்.

ரை கலத்தைப் பார்க்கையில் எனக்கு நினைவுக்கு வந்தது ஜப்பானியரின் சீரோ விமானம். 1942 ஏப்பிரில் 5 ஆம் நாள் கொழும்பிலும், 9 ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுவீச வந்த விமானங்களுக்குக் காவலாக வந்தவை அவைதாம். மிக இலேசானவை, மிக நன்றாகத் திரும்பக்கூடியவை. ஓட்டியைக் காக்கும் உருக்குத் தகடும், துளைபட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எண்ணெய்த் தாங்கியும் அவற்றில் இல்லை. சீரோ நெடுந்தூரம் பறக்கவல்லது என்பது பெரிய வேற்றுமை. ஆயினும் காப்பைக் குறைத்து வேகத்தை வாங்கிய கணக்கு ஒன்றே. தேர்ந்த ஓட்டிகள் மாண்டு தீர்ந்தபின்பு அந்தக் கணக்கு ஜப்பானுக்கு எவ்வளவு நட்டமாயிற்று என்பது சரித்திரம்.

1999 இல் தொடங்கி வந்த மூன்று படங்கள் முற்காலத்துக் கதையைச் சொல்வன. கலையில் அவை முந்தியவற்றுக்கு ஈடாகா என்பது என் கருத்து. ஆயினும் அவற்றில் வரும் ஒரு கலத்துக்கு ஓட்டியே இல்லை, கலமே யந்திரம். அடுத்த படத்தில், ஒரே மனிதனைப் படியெடுத்து வளர்த்த படைவீரர் வருகின்றனர். அதன் பின்னரே ரை கலத்தின் காலம். யந்திரத்தை அனுப்பியவர்கள், படியெடுத்த மனிதரை அனுப்பிப் பழகி, கடைசியில் தாய் பெற்ற மனிதனையும் யந்திரம்போலவே அனுப்பினர் என்று இந்த வரிசையை நான் வாசிக்கிறேன். படைத்தவர்கள் அப்படி எண்ணினார்களோ என்பது வேறு விஷயம். உரையாசிரியனுக்கு இவ்வளவு உரிமை உண்டு.

விஞ்ஞான ஆசிரியரான நண்பர் ஒருவர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். காற்றில்லாத வெளியிற் சிறகு எதற்கு? திரும்புவதற்குச் சாய்வது எதற்கு? ஒலி எப்படிக் கேட்கும்? மூன்றும் நியாயமான கேள்விகள். 'பபிலோன் 5' என்ற தொலைக்காட்சித் தொடரில் வரும் ஸ்ரார்பியூரி என்னும் கலம் நான்கு கைகளின் நுனியிலும் பொறிகளை உடையது. முன்னோக்கிப் போய்க்கொண்டே முகத்தை மாத்திரம் பின்னே திருப்பிச் சுடும். வெற்றிடத்தின் விதிப்படி அதுவே சரி என்று நண்பர் மகிழ்ந்தார். நான் மறுக்கவில்லை. உலகியல் வழக்கு என்றும் நாடக வழக்கு என்றும் நம் முன்னோர் இரண்டாகப் பிரித்தது இத்தகைய இடங்களுக்காகவே. யானை பிளிறாத வான்வெளியைப் பார்க்க என் மாணாக்கர் வந்திருக்கமாட்டார்.

கதிரையின் பிடியை இறுக்கிய காரணத்தைச் சொல்லவேண்டும். நான் ஆசிரியனாகச் சேர்ந்த காலத்தில், விமானத்தின் ஒலி கேட்டதும் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இறக்குவதும் பாடவேளையின் ஒரு பகுதி. எந்த ஒலி எந்த விமானத்துக்கு உரியது, அது சுற்றிவிட்டுப் போவதா, தாழ்வதா என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும். கீழே இருந்து பார்த்தே பழகிய கண் என்னுடையது. இந்தப் படங்களிற் கமரா எப்பொழுதும் ஓட்டியோடு இருக்கிறது. முதற்படத்தில் ஒரு கிரகம் முழுவதும் வெடித்துச் சிதறுகிறது. அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவரையும் அந்தப் படம் காட்டவில்லை. இது இக்கதைகளின் பெருங்குறை என்று மாணாக்கரிடம் சொன்னேன். போர் ஓய்ந்த 2009 இல் அவருக்கு நான்கு வயது. சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு, "ஐயா, அந்த நாளில் மேலே இருந்தவனைப் பற்றி நினைத்ததுண்டா?" என்று கேட்டார்.

நினைத்ததில்லை. விமானம் என்றுதான் நினைத்திருக்கிறேன். அதன் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதை அப்படியே அவருக்குச் சொன்னேன்.

1994 இல் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டைப் பற்றி அவர் அப்போது கூறினார். அதற்கு முந்திய ஆண்டில் வந்தது எக்ஸ்-விங்கின் பெயரால் அமைந்தது. இது ரை கலத்தின் பெயரால் அமைந்தது. விளையாடுபவன் சாம்ராச்சியத்தின் ஓட்டியாக அந்த உருண்டைக்குள்ளே இருக்கவேண்டும். கவசமில்லாமல் ஒரு களத்துக்குள்ளே போவது எப்படியிருக்கும் என்பதைத் தாம் அதிலே கண்டதாகவும், கொப்பியில் எக்ஸ்-விங்கை வரையாமல் ரையை வரைந்தது அதனாலேயே என்றும் சொன்னார்.

சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் தம்முட் பொருது ஒருங்கே மாண்ட களத்தைக் கழாத்தலையாரும் பரணரும் பாடியிருக்கின்றனர். இரு திறத்தாரும் வீழ்ந்ததையே அவர்கள் பாடினர். அப்பாட்டுகளைப் புறநானூற்றில் எடுத்துப் படிக்கும்படி அவரிடம் கூறினேன்.

மறுவாரம் அவர் ஒரு வெண்பாவோடு வந்தார். அகழிச் சுவரில் மோதி மாண்ட பெயரில்லாத துணைவனின் தாய் சொல்வதாக அமைந்தது. இதை எந்தத் துறையில் அடக்குவது என்று இருவரும் நெடுநேரம் வாதித்தோம். அவர் முதுபாலை என்கிறார், நான் ஒப்பவில்லை, தாய் சொல்வது முதுபாலையாகாது. மூன்றாம் அடியிலே தளை தட்டுகிறது. திருத்திக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறேன்.